மருந்துக்குப் போன கள்ளு

கள்ளுக்கு மருந்து என்று பெயர் வைத்தவன் நான்தான். வேறு யாருடைய தலையிலாவது இதைக் கட்டிவிடலாமா என்று பல தடவை யோசித்துப் பார்த்தேன். பொருத்தமான தலை அகப்படவில்லை.

புங்குடுதீவில், மடத்துவெளிப் பக்கம், எங்கள் சனசமூக நிலையம் ஒரு பேக்கரி நடத்தி வந்தது. பேக்கரி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு தகரக் கொட்டில், அதற்குள் பாண் சுடுகிற போறணை, மாக் குழைக்க ஒரு நீளப் பலகை, வீடு வீடாகக் கொண்டுபோக ஒரு சைக்கிளும் அதன் பின்னால் கட்டிய பெட்டியும். அந்தச் சின்னக் கொட்டிலின் இலாபத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. எங்களுக்கு ஆஸ்பத்திரி பாலம் தாண்டி, ஊர்காவற்றுறையில். பஸ் இல்லாத நேரத்தில் ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் வாடகைக் கார் பிடிக்க வேண்டும். காசில்லாத வீடு என்றால் பஸ் வரும்வரை வருத்தமும் பொறுத்திருக்க வேண்டும். அப்படிப் பொறுக்க மாட்டாத ஒரு குழந்தை பஸ் தரிப்பிலேயே பிறந்துவிட்ட பிறகுதான் ஊர் கூடி யோசித்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பேக்கரி தொடங்கினோம். இல்லாதவர்களுக்குக் கார்க் கூலியைப் பாண் கொடுத்தது.

என்னைப் பொறுப்பாக்கியதற்கு ஒரே காரணம், தெற்கே ஒரு பேக்கரியில் நான் நெடுங்காலம் இருந்தவன் என்பது. இருந்தவன் என்பது முழு உண்மை. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து காசு வாங்கிப் போட்டேன். மா எப்படிப் பாணாகிறது என்பது என் முதுகுக்குப் பின்னால் நடந்த சங்கதி. ஊருக்குத் திரும்பிய என்னை எல்லாரும் முதலாளி என்றார்கள். திருத்தியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் காதுக்கு இதமாக இருந்தது. பாண் போடுவதற்கு வேலணையிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தோம். கொட்டாவி விடுவதற்கு மட்டும் வாய் திறக்கிற மனிதர். அவர் வேலை செய்வார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று தலையாட்டுவேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. மா ஓரளவு கிடைத்தது. மாவைப் பொங்க வைக்கிற ஈஸ்ற் கடைகளில் இல்லாமல் போனது. யாழ்ப்பாணப் பட்டினம் முழுக்க அலைந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். பாண் போடுகிறவர் அன்றைக்குக் கொட்டாவியோடு சேர்த்து ஒரு வசனமும் விட்டார்.

"அப்பத்துக்கு விடுறதை விட்டுப் பாப்பம்."

அப்பத்துக்கு விடுவது கள்ளு. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். விட்டுப் பார்த்தோம். மா பொங்கிப் பலகைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பாண் முன்னையிலும் மெத்தென்று வந்தது.

சிக்கல் எங்கள் நிலையத்தின் தலைவர். இளைப்பாறிய மாஸ்ரர், சைவம், வெள்ளிக்கிழமையில் வெங்காயமும் தொடமாட்டார். ஊரில் இருந்த கள்ளுத் தவறணையின் வாசலில் இருந்து நாள்தோறும் தேவாரம் பாடியே அதை மூடுவித்தவர். குடிக்க வந்தவர்கள் பக்தியால் திருந்தினார்களோ, பாட்டுத் தாங்காமல் ஓடினார்களோ தெரியாது, தவறணை மூடப்பட்டது. அப்படிப்பட்டவரின் போறணைக்குள் இப்போது நான் கள்ளு இறக்கிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் காலை அவர் கொட்டிலுக்குள் வந்து, மூலையில் இருந்த தகரத்தைக் காட்டினார்.

"உதுக்குள்ளை என்ன காணும்?"

பயம் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்காது, நாக்குத்தான் கலங்கும். "மருந்து, மாஸ்ரர்," என்றேன்.

"என்ன மருந்து?"

"மா எழும்புறதுக்கு. ஈஸ்ற்றுக்குப் பதிலா."

"இங்கிலீசு மருந்தோ?"

"இல்லை மாஸ்ரர். நாட்டு மருந்து."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீரோ. எங்கடை ஆக்களிட்டை இல்லாத மருந்தே," என்று சொல்லி, சூடாக இருந்த பாணில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு போனார். அவர் போன பிறகு பாண் போடுகிறவர் முதல் தடவையாகச் சிரித்ததைக் கண்டேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் அது மருந்து. "மருந்து வந்திட்டுதோ," "மருந்து இண்டைக்குக் கொஞ்சம் புளிப்பு," "மருந்தை ஆரோ குடிச்சுப் பாத்திருக்கினம்." கொட்டிலுக்குள் நாள் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் என்ற பெருமையில் நான் உலாவினேன்.

பனை சுரக்கும் மாதங்களில் ஒன்றுக்கும் குறைவில்லை. பனை ஓய்ந்த பிறகு, கிணற்றடித் தென்னைகள் சிலதில் மட்டும் ஒருவர் சீவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், இறங்குவது முழுக்க எனக்கு வேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"முதலாளி, இதிலை ஒரு போத்தில் அப்பக்கார அக்காவுக்குக் குடுக்கிறனான். கனகாலப் பழக்கம்."

"இல்லை அண்ணை, ஒரு சொட்டும் வெளியிலை விடேலாது. பாண் குறைஞ்சா கார் நிண்டிடும்."

"அவ கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"மருந்துக்குப் போகுதெண்டு சொல்லுங்கோ."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் என்னை விடக் கொஞ்சம் முந்தியே சிரிப்பை நிறுத்திவிட்டார். அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

அப்பக்கார அக்கா எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருந்தவர். புருசனுக்குக் கால் வீங்கி நடமாட்டம் குறைந்துபோய்ப் பல வருசம். விடியற்காலையில் அவர் சுடுகிற பாலப்பத்தில்தான் அந்த வீட்டின் அடுப்பு மற்ற நேரங்களிலும் எரிந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் தேங்காய்ப்பால் தளும்ப இருக்கும். என் மனைவி நாள்தோறும் அங்கேதான் வாங்குவாள். பேக்கரி முதலாளியின் வீட்டில் காலைச் சாப்பாடு அப்பம். இதையும் நாங்கள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

கொஞ்ச நாளில் அப்பம் தோசையைப் போலத் தட்டையாக வரத் தொடங்கியது. பிறகு ஒருநாள் மனைவி வெறும் தட்டோடு திரும்பி வந்தாள்.

"அக்கா அப்பம் சுடுறதை விட்டிட்டா. கள்ளு இல்லையாம்."

"இப்ப பனை இல்லைத்தானே," என்றேன், தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

"தென்னங்கள்ளு இருக்காம். ஆனால் அது வருத்தக்காரருக்கு மருந்து செய்யப் போகுதாம். தேங்காய்த் தண்ணியைப் புளிக்க வைச்சு விட்டுப் பாத்தவவாம், சரிவரேல்லை. 'நான் அப்பம் சுடாட்டி ஆரும் சாகப்போறதில்லை, அங்கை மருந்தில்லாட்டி ஒரு சீவன் போயிடும், தீவான் தீவானுக்கு உதவாட்டி ஆர் உதவுறது' எண்டு சொல்லுறா."

தேத்தண்ணி புரைக்கேறியது. மனைவி முதுகில் தட்டினாள். அவள் தட்டிய தட்டில் கொஞ்சம் சந்தேகமும் இருந்ததாக எனக்குப் பட்டது.

சிரிப்பதற்காகச் சொன்ன சொல்லை ஒரு மனுசி உண்மை என்று எடுத்து, தன் பிழைப்பையே தூக்கிக் கொடுத்துவிட்டார். தருமம் செய்கிற சங்கம் நாங்கள். தருமம் நடந்தது அவருடைய வீட்டில்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை. முதலில் கள்ளுச் சீவுகிறவரிடம் ஓடினேன்.

"அண்ணை, அக்காவுக்கு அந்தப் போத்திலைக் குடுத்துவிடுங்கோ."

"இப்ப குடுத்தா, வருத்தக்காரர் எல்லாம் செத்துப்போச்சினமோ எண்டு கேப்பா. நான் என்ன சொல்லுறது?"

"சுகம் வந்திட்டுதெண்டு சொல்லுங்கோ."

"அப்ப நாளைக்கு உங்களுக்கு ஏன் கள்ளுக் கொண்டுவாறன்? முதலாளி, பொய் சொல்லுறதெண்டா நீங்கள் வந்து சொல்லுங்கோ. நான் மரத்திலை ஏறுறவன். பதறேலாது."

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அது அக்காவோடு நிற்காது. அவர் ஒளிக்கவும் வேண்டியதில்லை, அது அவர் செய்த குற்றம் இல்லையே. ஒழுங்கைக்கு ஒழுங்கை போய், கோயில் வீதிக்கு வந்து, மாஸ்ரரின் படலையைத் தட்டும். பாண் வாங்குகிற சைவ வீடுகள் பாதி நிறுத்திவிடும். கார் நின்றுவிடும். அடுத்த பிள்ளை பஸ் தரிப்பில் பிறக்கும். இப்படி மனதுக்குள் ஒரே மூச்சில் ஊரையே சாகக் கொடுத்துவிட்டு, ஒரு முடிவும் எடுக்காமல், அக்கா வீட்டுக்கு ஒரு பாண் அனுப்பினேன். சும்மா, சங்கத்தின் பேரில். சைக்கிளில் பாண் பெட்டி கொண்டுபோனவர் திரும்பி வந்து, "பாண் நல்லாயிருக்கெண்டு அக்கா சொல்லச் சொன்னவ. அப்பம் மாதிரி ஒரு வாசம் இருக்காம்," என்றார்.  அடுத்த நாளும் அனுப்பினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா சும்மா இருக்கவில்லை. கூலிக்கு மா இடிக்கப் போகத் தொடங்கினார். வயது ஐம்பதைத் தாண்டியவர். சுடுகிற கைக்கும் இடிக்கிற கைக்கும் வித்தியாசம் உண்டு. ஒருநாள் காலை எங்கள் வீட்டுக் கோடியிலிருந்து உலக்கைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அக்கா. மனைவி கூப்பிட்டிருக்கிறாள். நான் குசினி வழியாக நழுவி, கிணற்றடி மறைப்புக்குப் பின்னால் போய் நின்றேன். குளிப்பதாகக் காட்ட வாளியைக் கிணற்றுக்குள் விட்டேன். ஏற்கெனவே குளித்திருந்தேன். இரண்டாம் தரமும் குளித்தேன். உலக்கை நிற்பதாக இல்லை. மூன்றாம் தரம் தலையில் ஊற்றும்போது மனைவியின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ, கிணத்திலை தண்ணி கிடக்கட்டும். அக்கா உங்களோடை ஏதோ கதைக்க வேணுமாம்."

தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய வந்து நின்றேன். அக்கா உலக்கையை நிறுத்தாமலே கேட்டார்.

"தம்பி, அந்த மருந்து எப்பிடி? வேலை செய்யுதோ?"

"ஓம் அக்கா. நல்லா எழும்புது."

மனைவி என்னைப் பார்த்தாள். அக்கா உலக்கையை உரலில் சாய்த்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

"ஆக்கள் எழும்பி நடக்கினமோ? எனக்குக் கேக்கச் சந்தோசம். அதுதான் தம்பி, ஒரு சின்ன உதவி. என்ரை மனுசனுக்கு இப்ப மற்றக் காலும் வீங்கிப்போச்சு. அந்த மருந்திலை ஒரு போத்தில் எடுத்துத் தர ஏலுமோ? சும்மா வேண்டாம். இந்த மா இடிச்ச கூலியை நீர் வைச்சிரும்."

வாழ்நாளில் எத்தனையோ இடங்களில் ஏதாவது பகிடி சொல்லித் தப்பியிருக்கிறேன். வாயைத் திறந்தேன். ஒரு பகிடியும் வரவில்லை.

"அக்கா, அது பாண்."

"எது?"

"கள்ளு. பாணுக்குத்தான் போகுது. மாவைப் பொங்க வைக்கிறதுக்கு. மருந்தெண்டு நான் பகிடிக்குச் சொன்னனான்."

அக்கா உரலுக்குள் குனிந்து, ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்துவிட்டார். மனைவி குசினிக்குள் போய்விட்டாள். அவள் போனது எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப வருத்தக்காரர் எண்டது?"

"பாண் வித்த காசிலை கார் பிடிச்சு ஆசுப்பத்திரிக்கு அனுப்புறம், அக்கா. அது பொய்யில்லை."

"அது எனக்குத் தெரியும். அந்தக் கார் ஒண்டும் இல்லாத ஆக்களுக்கெண்டு, நான் என்ரை மனுசனைப் பஸ்ஸிலைதான் கொண்டு போறனான்." உலக்கையை மறுபடி கையில் எடுத்தார். "நீர் வந்து, 'அக்கா, பாணுக்குக் கள்ளுக் காணாது, கார் நிண்டிடும், அரைப்போத்திலோடை சமாளியும்' எண்டு கேட்டிருந்தா, நான் ஏலாதெண்டு சொல்லியிருப்பனே?"

"சொல்லியிருக்க மாட்டியள்."

"பேந்து ஏன் கேக்கேல்லை?"

  கேட்பது வெட்கம் என்று நினைக்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவ்வளவுதான். ஊருக்கு நல்லது செய்கிறவனுக்கு யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை என்று ஒரு எண்ணம் எப்படியோ வந்துவிடுகிறது.

அக்கா மிச்ச அரிசியையும் இடித்து முடித்தார். அரித்துக் கொடுத்தார். மனைவி கொடுத்த கூலியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, "நாளைக்கு எனக்குக் கள்ளு வரவேணும், தம்பி," என்றார். "அந்தப் பாணையும் இனி அனுப்ப வேண்டாம்."

அன்று பின்னேரமே மாஸ்ரர் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கை வழியே அந்தக் கதை எனக்கு முந்தி அங்கே போய்விடக் கூடாதே என்ற பயம். சாய்மனைக் கதிரையில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் கள்ளுச் சாப்பிட்டனானோ?"

"சுட்டாப் பிறகு அதிலை ஒண்டும் மிஞ்சாது, மாஸ்ரர்."

"நீர் அதை என்ரை வயித்துக்குச் சொல்லாதையும்." கண்ணாடியைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார். "கள்ளுக்குப் பேர் வைச்சீர். எனக்கு என்ன பேர் வைச்சிருக்கிறீர்?"

"ஒண்டும் இல்லை, மாஸ்ரர்." அதுவும் பொய். ஆனால் அந்தப் பேரை இங்கே எழுத முடியாது.

அவர் பதவியை விடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. பாண் சாப்பிடுவதை விட்டார். அடுத்த கூட்டத்தில் எழும்பி, பாணில் என்ன விடப்படுகிறது என்பதைத் தானே சொன்னார். வேண்டியவர்கள் வாங்குங்கள், வேண்டாதவர்கள் விடுங்கள், பனை சுரக்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போறணை எரியும், அப்பக்கார மனுசியின் பங்கை யாரும் தொடக் கூடாது என்றார். நான் பயந்ததுபோல ஊர் இடிந்து விழவில்லை. சில வீடுகள் நிறுத்தின. சில வீடுகள், முன்பு வாங்காதவை, வாங்கத் தொடங்கின. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் காசு குறைந்தது. ஒரு காய்ச்சல்காரப் பொடியனின் தகப்பன் வந்து கார் கேட்டபோது, கையில் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அவர் பிள்ளையைச் சைக்கிளில் வைத்து, வெயிலில் பாலம் தாண்டி உருட்டிக்கொண்டு போனார். பொடியன் சுகமாகி வந்துவிட்டான். தகப்பன் என்னோடு கதைப்பதில்லை. அவரிடம் போய், ஒரு போத்தல் கள்ளு எவருக்குச் சேர வேண்டும் என்ற நியாயத்தை விளக்க எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்புகிற ஒருவர் நின்றார்.

அக்காவுக்குக் கள்ளுப் போனது. அப்பம் பழையபடி பொங்கியது. வாங்கத்தான் ஆட்கள் பழையபடி வரவில்லை. பாண் வாசலுக்கு வருகிறது, மத்தியானம்வரை வைத்துச் சாப்பிடலாம், விடியவே எழும்பிப் போய் நிற்கத் தேவையில்லை. ஊர் பழகிவிட்டது. அந்த இடைவெளியில் அதைப் பழக்கியவர்கள் நாங்கள். கள்ளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது, அந்த வாடிக்கையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

மிஞ்சுகிற அப்பத்தை எல்லாம் நானே வாங்கத் தொடங்கினேன். காலையில் அப்பம், மத்தியானம் அப்பம். வயிறு சட்டைக்கு வெளியே புறப்பட்டது. தின்று முடியாமல் ஒருநாள் ஆட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, படலையடியில் அக்கா நின்றார்.

"ஆட்டுக்குப் பால் விட்ட அப்பம் கூடாது, தம்பி. வயித்தாலை போகும்." என் வயிற்றையும் ஒருதரம் பார்த்தார். "உமக்கு இனி ரெண்டுதான் தருவன்."

"நான் ஆசையிலைதான் வாங்கினனான், அக்கா."

"உம்மடை ஆசைக்கு நான் சுடேல்லை. தின்னுற ஆக்களுக்குச் சுடுறன்."

அதற்குப் பிறகு அவர் குறிகட்டுவானுக்குப் போகத் தொடங்கினார். நயினாதீவுக் கோயிலுக்குப் போய் வள்ளத்தால் திரும்பி வருகிறவர்கள் பசியோடு இறங்குகிற துறை அது. எங்கள் பாணுக்குப் பழகாத வெளியூர் ஆட்கள். விற்றது. ஆனால் விடிய முன்னமே அப்பத்தைச் சுட்டு, புருசனை அயலில் ஒருவரின் கண்பார்வையில் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போக வேண்டும். அங்கே போய்ச் சேருவதற்குள் ஓரத்து மொறுமொறுப்பு இருக்காது. ஆறிய அப்பம்தான் விற்றார்.

ஒருநாள் சங்கக் காரியமாக அதே பஸ்ஸில் ஏறினேன். அக்கா முன்பக்கத்தில் இருந்தார். பக்கத்து இடத்தில் வாழையிலை போட்டு மூடிய கடகம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, இதிலை ஆரும் இருக்கினமோ?"

"கடகம் இருக்குது, தம்பி."

கொண்டக்டர் கடகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அதுக்கும் அக்கா டிக்கெற் எடுத்திருக்கிறா," என்றார்.

பின்னுக்கு இருக்க இடம் இருந்தது. போய் இருக்க மனம் வரவில்லை. குறிகட்டுவான்வரை நின்றுகொண்டே போனேன்.